ஆலோசகர் பயிற்சிக்கு வருபவர்கள் விட வேண்டிய பழக்கங்கள்

கோவையிலும் ஈரோட்டிலும் மனநல ஆலோசகர் பயிற்சிக்கு வருபவர்களை ஒத்திகையில் எதிரே உட்காரவைத்து, ஆலோசனைக்கு வந்தவர்போல் பேசிப் பார்ப்பது என் வேலை. ஆண்டுதோறும் ஆட்கள் மாறுகிறார்கள்; தவறுகள் நாங்கள் பயின்ற காலத்துத் தவறுகளேதான். அறிவுரை சொல்லாதே, குறுக்கே பேசாதே என்பதெல்லாம் முதல் வகுப்பிலேயே தெரிந்துவிடும். அவற்றை விடுகிறேன்.

கிளிப்பேச்சு

ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை ஆகியவற்றை 1957இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் வலியுறுத்தினார். நம்மவர்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டு, "மாமியார் பேசுவதே இல்லை" என்று வந்தவர் சொன்னால், "மாமியார் பேசுவதில்லை என்று உணர்கிறீர்கள்" என்கிறார்கள். தன் முறை இப்படிக் கேலிக்கூத்தாவதைக் கண்டு ராஜர்ஸே நொந்துகொண்டவர்.

எந்த ஊருங்க?

கொங்குப் பக்கத்தில் இது மரியாதை. ஆலோசனை அறையில் விபரீதம். ஊர், யார் வீடு என்று இரண்டு கேள்வி போனால் சாதி வெளியே வந்துவிடும். வேறு சாதிப் பையனைக் காதலிப்பதைச் சொல்ல வந்த பெண் அதன்பின் தலைவலியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவாள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்"

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒத்திகையில் நான் பதினாறு வயதுப் பெண்ணாக உட்கார்ந்தால், வாய் திறக்குமுன்பே வாக்குறுதி வந்துவிடும்: "பயப்படாதே கண்ணு, நீ சொல்வது இந்த அறையைத் தாண்டாது." உடனே, வீட்டுக்கு வரும் உறவினர் ஒருவர் செய்வதைச் சொல்வேன். எதிரே இருப்பவர் முகம் வெளுத்துப்போகும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012 அப்படி. பதினெட்டு வயது நிரம்பாதவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆலோசகர் என்பதற்காக விலக்குக் கிடையாது.

பல்லடம் பக்கம் ஒரு பள்ளியில் இது ஒத்திகையாக இல்லாமல் நிஜமாகவே நடந்தது. வாக்குக் கொடுத்த ஆலோசகர் பதறிப்போய்த் தலைமையாசிரியரிடம் சொல்ல, அவர் தாய்க்குப் போன் போட, மாலைக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டிய இடம் காவல் நிலையம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்து உதவி கேட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு எந்த ஆலோசகரிடமும் பேசவில்லை.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நீ சொல்வதை நான் வெளியே பேச மாட்டேன். உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், குழந்தைக்குப் பாலியல் கொடுமை என்றாலும், நீதிமன்றம் கேட்டாலும் சொல்ல வேண்டியிருக்கும். அப்போதும் யாரிடம், என்ன சொல்லப்போகிறேன் என்பதை முடிந்தவரை முதலில் உன்னிடம் சொல்வேன்."

"இப்படிச் சொன்னால் பேசவே மாட்டார்களே?" என்று ஒவ்வொரு குழுவிலும் யாராவது கேட்பார்கள். சிலர் அன்று பேச மாட்டார்கள்தான். அடுத்த வாரம் வருவார்கள். சத்தியம் செய்து பேசவைக்கும் அவசரத்தில், நம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் ஆசை பாதி இருக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதிகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. சம்பளம் கொடுப்பது நிர்வாகம், "அந்தப் பெண் என்ன சொன்னாள்?" என்று மேலாளர் டீ கொடுத்துக்கொண்டே கேட்பார். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத் தவிர எதுவும் தர மாட்டேன் என்று வேலையில் சேரும்போதே சொல்லி, நிர்வாகத்திடம் அதை எழுதி வாங்கிவிடுங்கள். அதைத் தொழிலாளர்களிடமும் சொல்லுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை

வேண்டாம். சித்தி கெஞ்சினாலும் வேண்டாம்.

பெயர்ப்பலகை

சில மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு "மருத்துவ உளவியலாளர்" என்று பலகை மாட்டுகிறார்கள். இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், 1992 அதற்குப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. "ஆலோசகர்" என்று மட்டும் போடுங்கள். பலகைக்குக் கீழே, இரவில் வந்து கதவு பூட்டியிருப்பதைப் பார்ப்பவருக்காக, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண்ணையும் எழுதிவையுங்கள்: 14416.