ஒரே எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து வலைப்பக்கம், ஆர்எஸ்எஸ், காலண்டர்

ஒரு சபாவின் நிகழ்ச்சி நிரல் வலைப்பக்கத்திலும் புதிய அறிவிப்புகளைச் செயலிகளுக்குத் தரும் ஆர்எஸ்எஸ் ஓடையிலும் போனில் சேர்க்கும் காலண்டர் கோப்பிலும் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்தால், கச்சேரி நேரம் மாறும் அன்று ஏதாவது ஒன்று பழைய நேரத்தோடு நின்றுவிடும். விவரம், தரவைப் பெயரிட்ட டேக்குகளுக்குள் வைக்கும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கட்டும். எக்ஸ்எம்எல்லை வேறு வடிவங்களுக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழி, நாம் எழுதும் டெம்ப்ளேட் என்ற மாற்று விதிகளைக் கொண்டு மற்றதை உருவாக்கும்.

மூலக் கோப்பு இப்படி இருந்தால் போதும். டேக் பெயர்களைத் தமிழிலேயே வைக்க எக்ஸ்எம்எல் அனுமதிக்கிறது.

<நிகழ்ச்சி எண்="20260103-1">
  <தலைப்பு>வாய்ப்பாட்டு</தலைப்பு>
  <நாள்>2026-01-03</நாள்>
  <தொடக்கம்>18:30:00</தொடக்கம்>
  <முடிவு>20:30:00</முடிவு>
  <வெளியீடு>2025-12-20</வெளியீடு>
</நிகழ்ச்சி>

'சனிக்கிழமை மாலை 6.30' என்று இதில் எழுதாதீர்கள். அது வலைப்பக்கத்துக்கான வடிவம், காலண்டருக்கு உதவாது. கிழமையை நாளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். தடித்த எழுத்து, நிறம், வரி முறிவு எதுவும் மூலத்துக்குள் வரக்கூடாது. எண்ணை ஒருமுறை கொடுத்தால் பிறகு மாற்றவே கூடாது. ஆர்எஸ்எஸ் செயலி அந்த எண்ணை வைத்துத்தான் புதியது எது, படித்தது எது என்று பிரிக்கிறது. மாற்றினால் பழைய நிகழ்ச்சி மறுபடி புதிதாகத் தலைகாட்டும்.

தமிழ் டேக்கில் ஒரு கண்ணி உண்டு. 'தொடக்கம்' என்பதில் உள்ள 'தொ'வை ஒற்றை ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எக்ஸ்எம்எல்லுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். டெம்ப்ளேட் தேடும், கிடைக்காது, பிழைச் செய்தியும் இல்லாமல் அந்த இடம் வெறுமையாக வரும். மூலத்தையும் டெம்ப்ளேட்டையும் இத்தகைய குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். மூலத்தில் நேம்ஸ்பேஸ் (டேக் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்ற அடையாளம்) அறிவித்துவிட்டு டெம்ப்ளேட்டில் அதை விட்டுவிட்டாலும் இதே வெறுமைதான்.

கருவியைப் பொறுத்தவரை, லினக்ஸில் எளிதாகக் கிடைக்கும் எக்ஸ்எஸ்எல்டிபிராக், எக்ஸ்எஸ்எல்டியின் 1.0 பதிப்போடு நின்றுவிட்டது. அந்தப் பதிப்பில் தேதியை வடிவமைக்கும் வசதி கிடையாது. இலவசமான சாக்ஸன் எச்ஈ 3.0 வரை இயக்கும். ஒரே ஓட்டத்தில் மூன்று கோப்புகளையும் எழுதும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும் வேலையைப் பிரவுசரிடம் விடவேண்டாம். எக்ஸ்எஸ்எல்டி ஆதரவை நீக்கப்போவதாக குரோம் 2025-ல் அறிவித்துவிட்டது.

வலைப்பக்கத்துக்கு எக்ஸ்எஸ்எல்டியில் குறிப்பிடும் வெளியீட்டு முறை 'எச்டிஎம்எல்' என்றே இருக்கவேண்டும். 'எக்ஸ்எம்எல்' என்று விட்டால் காலியான ஸ்கிரிப்ட் டேக் தன்னைத்தானே மூடிக்கொண்ட வடிவில் வரும். பிரவுசர் அதைத் திறந்த டேக்காக எடுத்துக்கொண்டு, கீழே உள்ள பக்கம் முழுவதையும் விழுங்கிவிடும். மாதப் பெயர்களுக்கு 12 வரியில் ஒரு தமிழ் அட்டவணையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்எஸ்எஸ் 2.0-ல் தேதி ஆங்கில மாதச் சுருக்கத்தோடு, இந்திய நேரத்தைக் குறிக்கும் +0530 என்று முடியவேண்டும். அங்கே கச்சேரி நாளைப் போடுவது பரவலான தவறு; அது அறிவிப்பு வெளியான நாளுக்கான இடம். மூலத்தில் 'வெளியீடு' தனியாக இருப்பது அதற்காகத்தான்.

காலண்டர் கோப்புதான் அதிகம் படுத்தும். வெளியீட்டு முறை 'டெக்ஸ்ட்'. டெம்ப்ளேட் எழுதாத டேக்குகளின் உள்ளடக்கத்தை எக்ஸ்எஸ்எல்டி தானாகவே கொட்டிவிடும் என்பதால், உரைக் கணுக்களுக்கு (டேக்குகளுக்குள் உள்ள எழுத்துகளுக்கு) ஒரு காலி டெம்ப்ளேட் எழுதிவிடுங்கள். வரி முடிவை &#13;&#10; என்று எழுதவேண்டும்; என்டர் தட்டினால் &#10; மட்டுமே போகும். 18:30-ஐ உலகப் பொது நேரத்தில் 13:00 என்று கொடுத்தால் வெளிநாட்டில் இருப்பவர் போனிலும் சரியாகக் காட்டும். உரையில் வரும் பின்சாய்வுக்கோடு, காற்புள்ளி, அரைப்புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு சேர்க்கவேண்டும். பின்சாய்வுக்கோட்டை முதலில் மாற்றுங்கள், இல்லையேல் நீங்கள் சேர்த்ததே இரட்டிப்பாகும்.

அடுத்து வரி நீளம். ஒரு வரி 75 பைட்டுக்குள் அடங்கவேண்டும் என்கிறது காலண்டர் கோப்புக்கான தரநிலையான ஆர்எஃப்சி 5545. யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'கா' என்பதே க, கால் என இரண்டு குறி, 6 பைட். வரித்தலைப்புக்கும் (வரியின் தொடக்கத்தில் வரும் பெயருக்கும்) இடம் விட்டு, முதல் வரியில் 21 குறிகள், அடுத்தடுத்த வரிகளில் ஓர் இடைவெளியும் 24 குறிகளும் என்று வெட்டினால் பத்திரம். பைட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வெட்டினால் ஒரு குறியின் நடுவில் கத்தி விழுந்து, போனில் அந்த எழுத்து உடைந்து வரும்.

வெளியிடும் முன் எந்த டேக்கில் என்ன வரலாம் என்று சொல்லும் ஒரு ஸ்கீமாவால் மூலத்தைச் சோதியுங்கள். பிப்ரவரி 30, தனியாக நிற்கும் & குறி, <?xml என்று தொடங்கும் வரிக்கு மேலே விழுந்த வெற்று வரி எல்லாம் அங்கேயே பிடிபடும். வெளியீட்டைத் தற்காலிகக் கோப்புறையில் எழுதி, மூன்றும் பிழையின்றி முடிந்தபிறகே தளத்துக்கு நகர்த்துங்கள்.