வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டைச் சாம்பியன்களை மோதவிட்டு விவாதிப்பது எப்படி?

முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்ற கேள்வி தருமபுரி நான்கு ரோட்டு டீக்கடைகளில் எழும்போதெல்லாம், அவரவர் தமக்குப் பிடித்த பெயரை உரக்கச் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குச் சான்றுகளோடு விடை தேட முடியும் என்றும், அப்படித் தேடும்போதுதான் குத்துச்சண்டையைப் பார்க்கும் கண் நமக்குக் கூர்மையடைகிறது என்றும் நான் முழுமையாக நம்புகிறேன். எனவே இதே இணையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முறையைப் படிப்படியாக விளக்குகிறேன். வேண்டியவை ஒரு நோட்டும், பழைய சண்டைகளின் காணொளிகளும், உங்கள் கருத்தை ஏற்காத ஒரு நண்பரும் மட்டுமே.

படி 1: ஆண்டைக் குறியுங்கள்

பெயரை மட்டும் எழுதாமல், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டையும் எழுத வேண்டும். 1980இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடிய அலியை நினைவில் வைத்திருக்கும் பெரியவரும், 1964இல் சன்னி லிஸ்டனைத் தோற்கடித்த அலியைக் காணொளியில் பார்த்த இளைஞரும், ஒரே பெயரைச் சொல்லி இரு வேறு வீரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இராணுவத்தில் சேர மறுத்ததால் 1967இல் பட்டம் பறிக்கப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் வளையத்துக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பிய அலியின் கால்களில் பழைய வேகம் இல்லை. ஆகவே நாம் 1966 நவம்பர் முதல் 1967 மார்ச் வரையிலான அலியை எடுத்துக்கொள்வோம். டைசனுக்கு 1988 ஜூன் மாதத்தைக் குறியுங்கள். மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் வீழ்த்திய அந்த இரவில் அவருக்கு வயது 21.

படி 2: விதியை முடிவு செய்யுங்கள்

அலி காலத்துப் பட்டச் சண்டைகள் 15 சுற்றுகளுக்கு நடந்தன. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் துக்-கூ உயிரிழந்த பிறகு, குத்துச்சண்டை அமைப்புகள் ஒவ்வொன்றாக அதை 12 ஆகக் குறைத்தன. இந்த மூன்று சுற்றுகள் நம் இணைக்கு மிக முக்கியமானவை. 1966 மார்ச்சில் ஜார்ஜ் சுவாலோவுடனும் 1967 பிப்ரவரியில் எர்னி டெரலுடனும் அலி 15 சுற்றுகளையும் முழுமையாக ஆடியிருக்கிறார். டைசனோ 12 சுற்றுகளைத் தாண்டி ஒருமுறையும் சண்டையிட்டதில்லை. எந்த விதி என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே நண்பரோடு ஒப்புக்கொள்ளுங்கள்.

படி 3: சங்கிலிக் கணக்கைத் தவிருங்கள்

"அண்ணா, ஹோம்ஸ் அலியை அடிச்சாரு, டைசன் ஹோம்ஸை அடிச்சாரு, அப்புறம் என்ன பேச்சு?" என்று கல்லூரித் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்பதற்கு இந்த வாதம் மிகவும் வலுவாக இருக்கிறது. ஆனால் 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் தோற்றபோது அலிக்கு வயது 38. 1988 ஜனவரியில் டைசனிடம் தோற்றபோது ஹோம்ஸுக்கும் வயது 38. தோற்ற இருவருமே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சண்டையே இல்லாமல் இருந்துவிட்டு வந்தவர்கள். இந்த இரு முடிவுகளும் முதுமையைப் பற்றிச் சொல்கின்றனவே தவிர, நம் கேள்வியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வயது சரியாக இருந்தாலும் சங்கிலி நிற்பதில்லை. கென் நார்ட்டன் 1973 மார்ச்சில் அலியைத் தோற்கடித்தார். மறு ஆண்டு மார்ச்சில் ஜார்ஜ் ஃபோர்மன் அதே நார்ட்டனை இரண்டே சுற்றுகளில் வீழ்த்தினார். அதே ஆண்டு அக்டோபரில் கின்ஷாசாவில் அலி ஃபோர்மனை எட்டாவது சுற்றில் நாக்அவுட் செய்தார். யாருடைய பாணி யாருக்கு ஒத்துவரவில்லை என்பதே இங்கு முடிவுகளைத் தீர்மானித்தது.

படி 4: ஒத்த எதிராளியைத் தேடுங்கள்

உழைப்பு முழுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது. மற்றவற்றை ஒரே மாலையில் முடித்துவிட்டு இதற்கு நேரம் ஒதுக்குங்கள். டைசனை அலி சந்திக்கவில்லை என்றாலும், டைசனைப் போன்றவரைச் சந்தித்திருக்கிறார். குள்ளமாகக் குனிந்து, தலையை ஆட்டியபடி நெருங்கி, இடது ஹுக்கை (பக்கவாட்டிலிருந்து கையை வளைத்து விடும் குத்து) வீசும் ஜோ ஃப்ரேசியர் 1971 மார்ச்சில் அலியைப் பதினைந்தாவது சுற்றில் தரையில் சாய்த்து வென்றார். 1963இல் ஹென்றி கூப்பரிடம் அலி விழுந்ததும் இடது ஹுக்கினால்தான். கைகளைத் தாழ்த்திக்கொண்டு பின்னால் சாய்ந்து தப்பிப்பது அலியின் வழக்கம். அந்த வழக்கத்துக்கு எதிரான அடி டைசனிடம் இருந்தது என்பதை அலியின் ரசிகர்கள் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுபக்கத்தில், ஜாப் (முன்னால் நீட்டிய கையால் நேராக விடும் விரைவான குத்து) அடித்து, கட்டிப் பிடித்து, தள்ளி நின்ற உயரமானவர்கள் டைசனை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1987இல் ஜேம்ஸ் ஸ்மித்தும் டோனி டக்கரும் அவரோடு 12 சுற்றுகளையும் முடித்தார்கள். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், நகர்ந்துகொண்டே ஜாப் அடிக்க முயன்ற டைரல் பிக்ஸ் ஏழாவது சுற்றில் வீழ்ந்தார். 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் வென்றதைப் பலர் முதல் சான்றாக வைப்பார்கள். அது நாம் குறித்த ஆண்டுக்குப் பிந்தையது என்பதால் நான் அதற்குப் பாதி மதிப்பே தருவேன்.

சான்றை எடைபோடும்போது எதிராளியின் நிலையையும் விசாரியுங்கள். 1966 நவம்பரில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை அலி மூன்றாவது சுற்றில் வீழ்த்திய சண்டை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் வில்லியம்ஸ் 1964இல் காவலர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். அதேபோல, நெருங்கியவரின் கழுத்தைப் பிடித்து அழுத்தும் உத்தி 1970களின் அலியுடையது; 1966இன் அலி தம் கால்களையே பெரிதும் நம்பினார் என்பதால், அந்த உத்தியை இந்த விவாதத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

படி 5: உடல் அளவு

அலி 191 செ.மீ., டைசன் 178 செ.மீ.; விரித்த கைகளின் நீளம் முறையே 198, 180. எடையில் பெரிய வேறுபாடு இல்லை. பழைய வீரர்களை இன்றையவர்களோடு மோதவிடும்போதுதான் இந்தப் படி கனக்கும். 49 சண்டைகளிலும் வென்ற ராக்கி மார்சியானோ சுமார் 84 கிலோதான். எனினும் அளவே எல்லாமும் ஆகாது: 2024இல் ஒலெக்சாண்டர் உசிக், 206 செ.மீ. உயரமுள்ள பிரிட்டிஷ் வீரர் டைசன் ஃப்யூரியை இருமுறை வென்றார்.

படி 6: தீர்ப்பை எழுதுங்கள்

வெற்றியாளரின் பெயரோடு, எந்தச் சுற்றில், எந்த வழியில் என்பதையும், தோற்பவருக்கு இருந்த நல்ல வாய்ப்பையும் எழுத வேண்டும். என் தீர்ப்பு இது: 15 சுற்றுகள் என்றால் பாயிண்ட் கணக்கில் அலி, முதல் நான்கு சுற்றுகளுக்குள் இடது ஹுக் சரியாக விழுந்தால் டைசன். 12 சுற்றுகள் என்றாலும் அலியையே சொல்வேன், உறுதி மட்டும் சற்றுக் குறையும்.

பயிற்சிக்கு 1938இன் ஜோ லூயிஸையும் 1952இன் மார்சியானோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் 1951 அக்டோபரில் உண்மையிலேயே மோதினார்கள். 37 வயது லூயிஸ் எட்டாவது சுற்றில் வீழ்ந்தார். அந்தச் சண்டைக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் படி 4க்குச் செல்லுங்கள்.