அம்மிக்கல்லுக்கு வயது என்ன?

கிணறு வெட்டியபோது குவித்த வெள்ளைக் கல்லில் ஒரு துண்டைப் பொடித்து, தேசிக்காய்ப் புளி நாலு சொட்டு விடுங்கள். மெல்ல நுரைக்கும். அதே புளி அம்மியில் பட்டால் வழிந்து போகும், அவ்வளவுதான். முதலாவது சுண்ணக்கல், மயோசீன் என்ற புவியியல் காலத்துக் கடலடியில் படிந்தது, வயது இரண்டரைக் கோடி ஆண்டைத் தாண்டாது. இரண்டாவது கருங்கல், யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கு தோண்டினாலும் கைக்கெட்டாதது, வெளியிலிருந்து வந்தது.

பழம்பாறையைப் பற்றி எழுதுகிறவர்கள் இங்கேயே சறுக்குகிறார்கள். கிணற்றில் தட்டுப்படும் பாறையை அடிப்பாறை, அதாவது எல்லாப் படிவுக்கும் அடியில் கிடக்கும் பழம்பாறை, என்று எழுதிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு இந்தச் சுண்ணக்கல் கரைந்து உண்டான குடைவு. மெய்யான அடிப்பாறை அதற்கும் வெகு கீழே கிடக்கிறது. கண்ணால் பார்க்க வவுனியாப் பக்கம் போக வேண்டும். அங்கும் வீதியோரக் கல்லைப் பொறுக்கி வராதீர்கள்; எந்த லொறியிலிருந்து விழுந்ததோ! நிலத்தோடு ஒட்டி நிற்கும் பாறையில், வெயிலும் மழையும் தின்ற மேற்தோலை உடைத்து உள்ளே இருப்பதை எடுங்கள்.

பெரிய தவறு வயதைச் சொல்வதில்தான். அம்மம்மாவின் அட்டியலை உருக்கி அம்மா காப்புச் செய்தார் என்றால், பொன்னுக்கு ஒரு வயது, காப்புக்கு இன்னொரு வயது. அம்மிக்கல்லாகும் பாறையும் அப்படித்தான். சிர்க்கான் என்ற மணற்பருக்கை அளவுக் கனிமத்தில் இரண்டும் பதிந்திருக்கும். அதிலுள்ள யுரேனியம் ஈயமாக மாறும் வேகம் தெரியும் என்பதால் கணக்குப் போடலாம். மலைநாட்டுப் பாறைகளில் சில பருக்கைகளின் நடுக்கரு 200 கோடி ஆண்டைக் கடக்கிறது. சுற்றியுள்ள விளிம்போ 55 முதல் 61 கோடி ஆண்டுக்குள் நிற்கிறது. கண்டங்கள் மோதிக் கோண்ட்வானா என்ற பெருங்கண்டமாக ஒட்டியபோது எழுந்த வெப்பத்தில் வளர்ந்தது அது. பருக்கையை முழுதாகக் கரைத்து அளந்தால் இரண்டுக்கும் நடுவே ஓர் எண் கிடைக்கும். அந்தக் காலத்தில் எதுவுமே நடந்திராது! அறுத்து, மெருகேற்றி, வளையங்களைப் படம் பிடித்த பிறகே அளக்க வேண்டும். மலைநாட்டு எண்ணை அப்படியே வன்னிப் பாறைக்கு ஒட்டுவதும் பிழை. வன்னிப் பாறைத் தொகுதியின் மூலப்பொருள் அதைவிட இளையது.

கோண்ட்வானா என்றதும் குமரிக்கண்டத்துக்குத் தாவுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. அவர்கள் குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லும் லெமூரியா என்பது, லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்குகள் பரவிய விதத்தை விளக்க 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் முன்வைத்த ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அது வேண்டாததாயிற்று. கோண்ட்வானா ஒட்டியபோது மனிதர் என்ன, மீன்கூட இல்லை. அண்டார்டிக்காவை ஒட்டிக் கிடந்த நிலம் நாம். அண்டார்டிக்கா மூழ்கவில்லை, விலகிப்போனது.

பாக்கு நீரிணையைப் பார்த்து, இந்தியாவும் இலங்கையும் வேறு வேறு புவியோட்டுத் தட்டுகள் என்று எழுதுவோரும் உண்டு. அங்கே தொடங்கிய பிளவு பாதியில் நின்றுவிட்டது. இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. நடுவில் இருப்பது ஆழமற்ற கடல். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு விட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது, காங்கேசன்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நடந்தே போயிருக்கலாம்.