தாயகத்தில் கலியாணமா? கூறை மாற்றும் நேரத்தை முதலில் கணக்குப் பாருங்கள்

லண்டனிலோ டொரன்டோவிலோ இருந்து யாழ்ப்பாணத்துக் கலியாணத்துக்குப் போகிறவர்கள் சேலையையும் நகையையும் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அங்கே போனபின் தலையிடி தருவது வேறு சங்கதிகள்: தைக்கக் கொடுத்த சட்டை, வெக்கை, கிணற்றுத் தண்ணீர், ஐயரின் அவசரம். போனில் சேர்த்துவைத்த படங்களைக் காட்டி அலங்காரத்தைத் தீர்மானிக்க முன்னர், அன்றைய சடங்கில் என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரவேண்டும்.

முதலில் காலம். பள்ளிக்கூட விடுமுறையில்தான் குடும்பமாகப் போகமுடியும். அந்த விடுமுறையில் பாதி ஆடி மாதத்தில் போய்விடும்; ஆடியில் கலியாணம் வைக்க மாட்டார்கள். அதனால் எல்லாரும் ஆவணி முகூர்த்தங்களில் வந்து குவிகிறார்கள். ஆடி அமாவாசைக்குப் பின் தொடங்கும் நல்லூர்த் திருவிழாவும் 25 நாள் நடக்கும். தையற்காரர், பொம்பிளை அலங்கரிப்பவர், மாலை கட்டுபவர் எல்லாருக்கும் அதுதான் வேலை நெருக்கிற நேரம். "ரெண்டு நாளில தைச்சுத் தாறன் அக்கா" என்பதை அந்த மாதத்தில் நம்ப வேண்டாம். உங்களுக்கு அளவாக இருக்கும் பழைய சட்டை ஒன்றை, முன்கூட்டிப் போகிறவர் யாரிடமாவது துணியோடு கொடுத்துவிடுங்கள். உள்தையலில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்; வெக்கையில் உடம்பு ஊதும், உறவினர் வீட்டு விருந்தும் சும்மா விடாது. சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நேராக நின்றால் போதாது. நிலத்தில் சப்பாணி கொட்டி இருந்து பாருங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். மாலை மாற்றும்போது கக்கத்தில் தையல் விடுவது அடிக்கடி நடக்கிற காரியம்.

பொம்பிளையாகப் போகிறவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கூறை மாற்றும் நேரம். எங்கள் முறைக் கலியாணத்தில் பெண் ஒரு சேலையோடு மணவறைக்கு வந்து, கன்னிகாதானம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் தரும் கலியாணச் சேலையான கூறையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உடுத்தி வருவார். அதன் பிறகுதான் தாலி. உள்ளே இருக்கும் அந்த நேரம் முழுக்க மேளம் காத்திருக்கும், ஐயர் மணிக்கூட்டைப் பார்ப்பார், முகூர்த்தம் ஓடும். அந்த அவதியில் கட்டும் சேலைதான் கலியாண அல்பத்தில் காலத்துக்கும் நிற்கப்போகிறது. ஆகவே கூறையை மாப்பிள்ளை வீட்டார் எடுத்தவுடனேயே அதன் சட்டைத் துணியை வெட்டி வாங்கித் தைத்துவிடுங்கள். ஓரம் அடித்து, கீழ்க்கரைக்கு உள்ளே போல்ஸ் துணி வைத்து, கொசுவத்தை மடித்து அயர்ன் பண்ணி, ஊசி குத்தித் தட்டில் வைக்கலாம். அதில் சாத்திரக் குறை எதுவும் இல்லை. நீளத்தை வெறுங்காலோடு நின்று அளக்கவேண்டும். மணவறையில் செருப்பு இல்லை. குதி உயர்ந்த செருப்போடு அளந்த சேலை, அக்கினியை வலம் வரும்போது காலில் மிதிபடும். உள்பாவாடை பருத்தியில், நாடா வைத்ததாக இருக்கட்டும். சற்றின் பாவாடையில் பட்டு வழுக்கிக்கொண்டே இருக்கும்.

கூறைக்கும் முதல் சேலைக்கும் ஒரே நகை பொருந்துமாறு தெரிவுசெய்தால் பாதி நேரம் மிச்சம். இரண்டாவது ஒப்பனை என்ற பேச்சே வேண்டாம். பொட்டையும் உதட்டுச் சாயத்தையும் மாற்றினால் போதும்.

தாலி கட்டும் கணத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும். எங்கள் தாலிக்கொடி மெல்லிய மஞ்சள் கயிறு அல்ல. பாரமான பொற்கொடி, பின்கழுத்தில் திருகுச் சுரையைப் பூட்டவேண்டும். கெட்டிமேளம் முழங்க, கைநடுங்கும் மாப்பிள்ளை அதை நீண்ட சடைக்கும் பூச்சரத்துக்கும் பின்கழுத்துச் சங்கிலிக்கும் நடுவில் தேடுவார். சடையைத் தூக்கிப் பிடிப்பது தோழியின் வேலை என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். அட்டியலின் பின்கயிற்றைச் சட்டைக்குள் விட்டு ஊசி குத்தலாம். கட்டைத் தலைமயிர் உள்ளவர்கள் சவுரி வைத்துப் பின்னும்போது, குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்து இறுக்கச் சொல்லுங்கள்.

பிறகு அம்மி மிதித்தல். மெட்டி போடும்போது படப்பிடிப்பாளர் காலுக்குக் கிட்டக் கமராவைக் கொண்டுவருவார். அதற்கு முன் ஒரு கிழமை செருப்போடு வெயிலில் திரிந்திருந்தால் வார் அடையாளம் பளிச்சென்று தெரியும். வட்டக் கழுத்து டீசேட்டோடு ஊர் சுற்றிவிட்டு இறங்கிய கழுத்துச் சட்டை போட்டாலும் இதே கதைதான். கணையாழி எடுக்கும்போது குடத்துத் தண்ணீருக்குள் கை போகும். கற்கள் ஒட்டிய முழுக்கைச் சட்டை அங்கே உதவாது. ஓமப்புகைக்குக் கண்ணில் நீர் வரும், கண் மை நீர் பட்டாலும் கரையாததாக இருக்கவேண்டும். அக்கினிக்குப் பக்கத்தில் இருக்கும் தோழிகளும் மச்சாள்மாரும் நைலோன், ஜோர்ஜெட் தாவணிகளைத் தவிர்க்கவேண்டும். பட்டு அவற்றைவிடப் பாதுகாப்பு.

முகத்துக்கு வருவோம். ஊரில் அலங்கரிப்பவர்களின் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சேலை உடுத்துவதில் அவர்களை மிஞ்ச இங்கே ஆள் இல்லை. ஆனால் பொம்பிளையை இரண்டு நிறம் வெள்ளையாக்கிக் காட்டும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். உங்கள் நிறத்துக்கு ஏற்ற பவுண்டேசனை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், "என்ர நிறத்திலேயே விடுங்கோ" என்று முதலே சொல்லுங்கள், ஒத்திகை ஒன்று கேளுங்கள். சிங்க் ஒக்சைட் கலந்த வெயில் கிறீமைப் பூசிவிட்டுப் பிளாஷ் வெளிச்சத்தில் படம் எடுத்தால் முகம் சாம்பல் பூசியதுபோல் வரும். ஒத்திகையன்று பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். "ஒரே கிழமையில வெள்ளையாகலாம்" என்று பெயர் தெரியாத கிறீம் தந்தால் வாங்க வேண்டாம். இப்படியானவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பேசியல், பிளீச் போன்ற புதிய பரிசோதனை எதையும் கடைசி இரண்டு கிழமையில் செய்யாதீர்கள்.

மருதாணியிலும் இதே எச்சரிக்கை. நல்ல மருதாணி முதலில் செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும், ஒன்றிரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாகும். அதனால் இரண்டு நாள் முந்தி வைக்கவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் கறுப்பாகப் பிடிக்கிற கோனில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்துக்குப் போடும் பிபிடி இரசாயனம் இருக்கும். கை கொப்பளிப்பதோடு நிற்காது. பிறகு ஆயுளுக்கும் தலைமயிருக்குச் சாயம் பூச முடியாத ஒவ்வாமையாக அது மாறலாம்.

யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கடினமானது, சில ஊர்களில் உவர். சம்பூ நுரைக்காது, தலைமயிர் வரட்டி போலாகும். கலியாணத்துக்கு முதல் நாள் முழுகும்போது கடைசி அலசலுக்குப் போத்தல் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். கனடாவிலிருந்து தலைமயிர் நேராக்கும் கருவி கொண்டுபோகிறவர்கள் அதில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். இலங்கை மின்சாரம் 230 வோல்ட்; 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது செருகிய கணமே கருகிவிடும். நுளம்பு கடித்த கை படத்தில் தெரியும், டெங்குவும் உண்டு. நுளம்பு மருந்தை உடுத்த முன்னரே தோலில் பூசிக் காயவிடுங்கள், பட்டில் படவிடாதீர்கள். மார்கழி விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு வடகீழ்ப் பருவமழை மிச்சம் இருக்கும். மார்கழியிலும் கலியாணம் இல்லைதான், ஆனால் தை பிறந்ததும் தொடங்கிவிடும். சேறு படாமல் சேலையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

ஆம்பிளைகளுக்கு அதிகம் சொல்ல இல்லை. பட்டு வேட்டிக்கு அகலமான பெல்ட், தலைப்பாகைக்குத் தலைச் சுற்றளவு. நல்லூருக்குக் கும்பிடப் போனால் மேற்சட்டையைக் கழற்றவேண்டும், அதற்கேற்ப உடுத்திப் போங்கள்.

விருந்தினராகப் போகிறவர்கள் தனி வெள்ளை, தனிக் கறுப்பு இரண்டையும் விட்டுவிடுங்கள். கூறைச் சிவப்பைப் பொம்பிளைக்கு விடுங்கள். கையில்லாத சட்டை போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மண்டபத்தில் போடலாம், கோயிற் கலியாணத்தில் வேண்டாம்.

நகைகளைப் புறப்பட முன் படம் எடுத்து, பற்றுச்சீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது சுங்கத்தில் கேட்டால் காட்டவேண்டி வரும். நகையும் கூறையும் சட்டையும் கைப்பையில்தான் போகவேண்டும். அலங்கரிப்பவரோடு எத்தனை சேலை மாற்றம், அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் சேர்த்தா, பூ யார் வாங்குவது, விடியப்புறம் எத்தனை மணிக்கு வருவார் என்பதை வாட்சப்பில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சில் எல்லாம் "ஓம் ஓம்" தான்.

கலியாணம் முடிந்த அன்றிரவே பட்டைப் பெட்டிக்குள் திணிக்க வேண்டாம். ஊசிகளை எல்லாம் எண்ணிக் கழற்றி, மடிப்புக்குள் சிக்கிய அறுகரிசியை உதறி, நிழலில் ஒரு நாள் காற்றாட விடுங்கள். வியர்வை ஈரத்தோடு மடித்தால் சரிகை கறுக்கும், மறந்துவிட்ட ஊசி துருப்பிடித்துக் கறையாக்கும்.