ஜிஆர்இ வெர்பல்: 146-லிருந்து 154 வந்த கதை

வெளிநாட்டில் மேல்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வில், ஆங்கிலத் திறன் பார்க்கும் வெர்பல் பிரிவில் முதல் தடவை 146. கும்பகோணம் திரும்பும் ரயிலில் யாரோடும் பேசவில்லை. ஆயிரம் வார்த்தை மனப்பாடம் செய்தவனுக்கு இதுவா என்று எரிச்சல், அப்புறம்தான் பிடிபட்டது, தப்பே அந்த மனப்பாடத்தில்தான். 'சாங்ஷன்' என்றால் எனக்கு அப்பாவின் பயிர்க்கடன் சாங்ஷன் ஆவது மட்டும்தான். அதே சொல்லுக்குத் தடை என்றும் பொருள் உண்டு, அங்கேதான் கவிழ்ந்தேன்.

21 நாள் கழித்து மறுபடி எழுதலாம், நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். வார்த்தை மனப்பாடம் செய்த அட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு (குறுவை அறுப்பு நேரம், திண்ணை முழுக்க நெல் மூட்டை, மாடியில்தான் படிப்பு) பயிற்சித் தாளில் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, 'ஆல்தோ' மாதிரி வாக்கியத்தைத் திருப்பும் சொல்லுக்கு வட்டம் போட்டு, கோடிட்ட இடத்தில் முதலில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துப் பார்ப்பேன். சொல்லுக்குச் சொல் அர்த்தம் தேடும் வியாதி அதில்தான் போனது.

இரண்டு விடை கேட்கும் கேள்வியில் ஒன்று மட்டும் சரியென்றால் மதிப்பெண்ணே கிடையாது. அதனால் ஜோடியாகத்தான் தேடுவேன். முதல் பகுதியில் 12 கேள்வி, 18 நிமிடம். அதில் எப்படிச் செய்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த பகுதியின் கடினம். நீளமான பத்தி வந்தால் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிவிடுவேன்.

இரண்டாம் தடவை 154. நீளப் பத்திகளில் இன்னும் சொதப்பல்தான், சரி, விண்ணப்பம் போட இது போதும்.