நம்ம வார்டில் தண்ணீர் எல்லோருக்கும் சமமாக வருகிறதா? நாமே கணக்கெடுக்கும் வழி

ஐ.நா. 2015இல் அறிவித்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 6ஆவது தண்ணீரைப் பற்றியது, 11ஆவது நகரங்களைப் பற்றியது. இரண்டுமே ‘எல்லோருக்கும்’ என்கின்றன. அந்தச் சொல் நம் தெருவரை வந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்; ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூர் மாதிரி மழை குறைந்த பக்கத்தில் தண்ணீரிலிருந்து தொடங்குவதே சரி.

படி 1: மெயின் ரோட்டை ஒட்டி ஒரு தெரு, குழாயின் கடைக்கோடியில் ஒரு காலனி. இரண்டிலும் பத்துப் பத்து வீடுகள். தெரிந்த வீடாகப் பார்த்துப் போகாதீர்கள். மூன்று வீடு விட்டு ஒரு வீடு.

படி 2: “தண்ணி வருதா?” என்றால் “வருது” என்று முடித்துவிடுவார்கள். கடைசியாக என்றைக்கு வந்தது, எத்தனை மணிக்கு, எத்தனை குடம் பிடித்தீர்கள், யார் பிடித்தது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. வேலைக்குப் போக வேண்டிய அக்காவின் தூக்கமும் நேரமும் அதில்தான் தெரியும். மலையாளம் பேசும் வீடுகளுக்குக் குடும்பஸ்ரீ (கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டம்) சேச்சி ஒருவரைக் கூட்டிப் போங்கள், மனம்விட்டுப் பேசுவார்கள்.

படி 3: இனி கணக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 லிட்டர் குடத்தில் 8 குடம், வீட்டில் நாலு பேர் என்றால் ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர்தான். பாதாளச் சாக்கடை இல்லாத, குழாய்த் தண்ணீர் உள்ள ஊர்களுக்கு மத்திய அரசின் 1999 வழிகாட்டி நூல் சொன்ன அளவு 70 லிட்டர்.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு தெருவில் 105, காலனியில் 35 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆள்கணக்கு ஒன்றென்றால் சராசரி சரியாக 70. காகிதத்தில் ஊர் பாஸ், காலனி தாகத்தில். அதனால் சராசரியை விட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவே உள்ள 70 லிட்டர் வித்தியாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

படி 4: அடுத்த வருஷம் அதே மாதம், அதே வீடுகள். கோடையைக் கோடையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு இடத்திலும் தண்ணீர் கூடி, வித்தியாசம் மட்டும் அப்படியே இருந்தால் அதை முன்னேற்றம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் அந்த ஒரு பக்கத் தாளை வார்டு சபைக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். கவுன்சிலரிடம் ஒரு நகல் கொடுத்து, மினிட்ஸில் பதியச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்காரர்கள் பெயர் மட்டும் தாளில் வேண்டாம்.