வேண்டாம் வேறு, கூடாது வேறு: வாடகை வீட்டை வைத்து ஆங்கிலத் துணைவினைகள் பழகும் முறை

சென்ற ஆண்டு திருநெல்வேலி பெருமாள்புரத்தில் என் மதினி வீட்டு மாடி காலியானது. வாசலில் டு-லெட் பலகை தொங்கவிட்ட மூன்றாம் நாள், வேலை மாற்றலாகி வடக்கேயிருந்து வந்த ஓர் இளைஞரைத் தரகர் அழைத்து வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, மதினிக்கு இந்தி தெரியாது. வீடு அவருக்குப் பிடித்துவிட்டது; உடனே பணப்பையை எடுத்தார். "இன்றைக்கே அட்வான்ஸ் தர வேண்டாம், மெதுவாகத் தரலாம்" என்று பெருந்தன்மையோடு சொல்ல நினைத்த மதினி, "யூ மஸ்ட் நாட் பே அட்வான்ஸ் டுடே" என்றார். அந்தத் தம்பியின் முகம் வாடிவிட்டது. பையை மூடிக்கொண்டு, கைகூப்பிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். தனக்கு வீடு தர மனமில்லாமல்தான் பணத்தைத் தடுத்தார்கள் என்று அவர் வருந்தியதாக மறுநாள் தரகர் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு விவரமே புரிந்தது.

மஸ்ட் நாட் என்றால் கூடாது. மதினி சொல்ல வேண்டியிருந்தது டோன்ட் ஹேவ் டு. அதற்குப் பிறகு மதினிக்கும் தெருவில் ஆர்வத்தோடு வந்த நான்கைந்து பேருக்கும் நான் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டு, ஒரு பேனா, நாளுக்கு அரை மணி நேரம் போதும். வாய்க்குப் பழகட்டும் என்று ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நோட்டில் எழுதும்போது நீங்கள் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: தமிழில் தொடங்குங்கள்

கேன், மஸ்ட் போன்ற துணைவினைகளை ஆங்கில இலக்கணத்தில் மோடல் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. அந்த வேலையைத் தமிழில் நாம் நாள் முழுவதும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். வரலாம், வர வேண்டும், வரக் கூடாது, வர வேண்டாம், வர முடியும். வினையின் வாலில் நாம் ஒட்டுவதை ஆங்கிலம் வினைக்கு முன்னால் தனிச் சொல்லாக வைக்கிறது. வேறுபாடு பெரும்பாலும் அவ்வளவுதான்.

முதல் நாள் ஆங்கிலமே வேண்டாம். வாடகைக்கு வருபவரிடம் நீங்கள் சொல்லக்கூடிய பத்து வாக்கியங்களைத் தமிழில் எழுதுங்கள். "பத்தாம் தேதிக்குள் வாடகை தர வேண்டும்." "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது." "வண்டியை உள்ளே நிறுத்தலாம்." "தண்ணீருக்குத் தனியாகப் பணம் தர வேண்டாம்." எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினையின் வாலையும் அடிக்கோடிடுங்கள். நீங்கள் அடிக்கோடிட்டவைதான் பாடம்.

இரண்டாம் படி: வாக்கியத்தின் எலும்புக்கூடு

ஆள், துணைவினை, வெறும் வினை. "ஷி கேன் பே." இங்கே பே என்பது பேஸ் ஆகாது, ஷி வந்தாலும் ஹி வந்தாலும் வெறும் பே தான். நடுவில் டு நுழையாது: "மஸ்ட் டு பே" என்பது பிழை. இங்கே நாம் பழகுபவற்றில் ஹேவ் டு மட்டும் டு-வைக் கூடவே வைத்திருக்கும். ஷி, ஹி வந்தால் அது ஹேஸ் டு ஆகும். கேன், மே போன்றவற்றில் கேள்வி கேட்க, துணைவினையைத் தூக்கி முன்னால் வையுங்கள்: "கேன் ஐ சீ தி கிச்சன்?"

நம் ஊரில் நான் அதிகம் கேட்கும் பிழை "ஐ கேன் ஏபிள் டு கம்" என்பது. கேன் என்றாலே முடியும். ஏபிள் டு என்றாலும் முடியும். இரண்டில் ஒன்று போதும்.

உச்சரிப்பில் ஒரு வார்த்தை: ஷுட், வுட், குட் மூன்றிலும் எழுத்தில் எல் இருக்கும், வாயில் வராது. மஸ்ட் நாட்டைச் சுருக்கும்போது முதல் டி-யும் மறைந்து, மஸ்ன்ட் என்று ஒலிக்கும்.

மூன்றாம் படி: வாசலிலிருந்து புறவாசல் வரை

சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் நிற்பதில்லை. உங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டு, கையால் தொட்டுச் சொல்லுங்கள். பழைய நெல்லை வீடாக இருந்தால் இன்னும் நல்லது. சொல்ல நிறைய இருக்கும். தார்சா வராண்டா. பட்டாசல் லிவிங் ரூம். நாம் ஹால் என்கிறோமே, இங்கிலாந்தில் அந்தச் சொல் வாசலை ஒட்டிய நடையைக் குறிக்கும். அடுக்களை கிச்சன், முற்றம் கோர்ட்யார்ட், புறவாசல் பேக் டோர். தட்டட்டி ஃப்ளாட் ரூஃப். டெரஸ் என்றாலும் நம் நாட்டில் புரியும். ஒரே முற்றத்தையும் கிணற்றையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வளவுக்கு ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. "எ ரோ ஆஃப் ஹவுசஸ் அரவுண்ட் எ ஷேர்ட் யார்ட்" என்று விரித்துச் சொல்லுங்கள். சரியான சொல் கிடைக்காதபோது விளக்கிச் சொல்லத் தெரிவதுதான் மொழி கைவந்ததற்கு அடையாளம் என்பது என் எண்ணம்.

நாம் ஆங்கிலம் என்று நினைத்துச் சொல்லும் சில சொற்கள் வெளியூர்க்காரரிடம் பலிப்பதில்லை. மாடி போர்ஷன் என்கிறோம். போர்ஷன் என்றதும் தட்டில் வைக்கும் சாப்பாட்டின் அளவு அவருக்கு நினைவுக்கு வரலாம். "தி அப்ஸ்டேர்ஸ் ஃப்ளாட்" என்பது தெளிவு. அட்வான்ஸ் என்பதற்கு டெபாசிட், ஹவுஸ் ஓனருக்கு லேண்ட்லார்ட், மதினியைப் போன்ற பெண்ணாக இருந்தால் லேண்ட்லேடி. குடியிருப்பவர் டெனன்ட். உப்புத் தண்ணீரை சால்ட் வாட்டர் என்றால் கேட்பவர் கடலை நினைப்பார். சோப்பு நுரைக்காத போர் தண்ணீருக்கு ஹார்ட் வாட்டர் என்று பெயர். பலகையில் எழுதுகிறோமே டு-லெட், அந்த லெட் என்பதற்கு வாடகைக்கு விடுதல் என்று பொருள்.

நான்காம் படி: வேண்டும், வேண்டாம், கூடாது

இங்கேதான் அதிக நாள் செலவிடுங்கள். நான் ஒரு வாரம் முழுவதும் இதற்கே ஒதுக்கினேன்.

வேண்டும் என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று படிகள் உண்டு. சொல்பவரே அழுத்தி விதிப்பது மஸ்ட்: "யூ மஸ்ட் லாக் தி கேட் அட் நைட்." வெளியிலிருந்து வரும் கட்டாயத்துக்கு ஹேவ் டு பொருந்தும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. அதனால் மதினி, "வி ஹேவ் டு சைன் எ ரிட்டன் அக்ரிமென்ட்" என்று சொல்லலாம். சட்டம் கேட்கிறது, நான் கேட்கவில்லை என்ற தொனி அதில் இருக்கிறது. பேச்சில் இவை இரண்டும் சில நேரம் ஒன்றுக்கொன்று மாறி வரும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூன்றாவது ஷுட், நல்லது சொல்லும் சொல். "யூ ஷுட் சீ தி ஹவுஸ் இன் தி ரெய்னி சீசன்." ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்க்காத வீட்டின் கூரையை நம்பக் கூடாது என்று எங்கள் ஆச்சி சொல்வார், அதற்கு ஷுட் போதும்.

இப்போது எதிர்மறை. மஸ்ட், ஹேவ் டு இரண்டும் அருகருகே இருந்தவை. நாட் சேர்ந்ததும் எதிரெதிர்த் திசையில் போய்விடுகின்றன. "யூ மஸ்ட் நாட் குக் ஆன் தி டெரஸ்" என்றால் மாடியில் சமைக்கக் கூடாது, தடை. "யூ டோன்ட் ஹேவ் டு குக் ஆன் தி டெரஸ்" என்றால் அங்கே சமைக்க வேண்டிய தேவையில்லை, விரும்பினால் சமைக்கலாம். தமிழ் வேண்டாம் இந்த இரண்டு பக்கமும் சாயும். "ஆணி அடிக்க வேண்டாம்" என்பது மரியாதையான தடை. "இன்று பணம் தர வேண்டாம்" என்பது சலுகை. மதினி சறுக்கியது இந்த இடத்தில்தான்.

எனவே வேண்டாம் என்று வாயில் வந்தவுடன் ஒரு கணம் நின்று சோதியுங்கள். அந்த இடத்தில் கூடாது என்று மாற்றினால் பொருள் பொருந்துகிறதா? பொருந்தினால் மஸ்ட் நாட். தேவையில்லை என்று மாற்றினால் பொருந்துகிறதா? அப்படியானால் டோன்ட் ஹேவ் டு. முதல் நாள் எழுதிய பத்து வாக்கியங்களில் வேண்டாம் வரும் ஒவ்வொன்றையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள்.

மஸ்டுக்கு இறந்தகாலம் கிடையாது. கடந்த காலக் கட்டாயத்துக்கு ஹேட் டு. பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. 1843-இல் சுலோசன முதலியார் பாலம் வருவதற்கு முன் மக்கள் ஆற்றைப் படகில் கடக்க வேண்டியிருந்தது. "பீப்பிள் ஹேட் டு க்ராஸ் தி ரிவர் பை போட்." பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் இதை ஒரு முறை முணுமுணுத்தால் ஹேட் டு மறக்காது.

ஐந்தாம் படி: லாம்

"உள்ளே வரலாம்" என்பது அனுமதி, "மழை வரலாம்" என்பது ஊகம். அனுமதிக்கு கேன், மேலும் மரியாதை வேண்டுமென்றால் மே. ஊகத்துக்கு மே அல்லது மைட். மைட் சற்று ஐயம் கூடியது. "இட் மைட் ரெய்ன்" என்று சொல்லுங்கள், "இட் கேன் ரெய்ன்" என்று இன்றைய வானத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

பணிவாகக் கேட்க குட். வீடு பார்க்கப் போகும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று நம் ஊரில் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது என்று நமக்குத் தெரியும். "குட் யூ டெல் மீ இஃப் தி ஃப்ளட் கேம் இன்டு திஸ் ஹவுஸ்?" இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். குட் சேர்ந்தால் குற்றம் சாட்டுவதாக ஒலிக்காது.

ஆறாம் படி: தெருவுக்கு வாருங்கள்

வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்தில் ஏறி டவுன் வரை ஒரு நடை போய் வாருங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் படுவதை எல்லாம் ஆங்கிலத்தில் பெயர் சொல்லுங்கள்: ஜங்ஷன், ஃப்ளைஓவர், பேவ்மென்ட், பெடஸ்ட்ரியன், ஒன்வே, டைவர்ஷன். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளைக் கார் ஸ்ட்ரீட் என்று வெளியூர்க்காரரிடம் சொன்னால், அவர் மோட்டார் காரைத்தான் நினைப்பார். டெம்பிள் சாரியட் என்று தேரைச் சொல்லிவிட்டு, "யூ கேனாட் டிரைவ் தேர் டுடே" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கேனாட் எழுதும்போது ஒரே சொல்.

பஸ்ஸில் பழக வேண்டிய இன்னொன்று வில். நாம் "தினமும் எட்டு மணிக்குத் தண்ணீர் வரும்" என்கிறோம். வரும் என்ற சொல்லைப் பார்த்து "டெய்லி வாட்டர் வில் கம்" என்று போட்டுவிடுகிறோம். தமிழ் எதிர்காலம் வழக்கத்தையும் சேர்த்துச் சுமக்கும். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு வில் இல்லாத நிகழ்கால வினைதான் இயல்பு: "வாட்டர் கம்ஸ் அட் எய்ட்." நாளை ஒரு நாள் மட்டும் வரப்போகிறது என்றால் வில்.

ஏழாம் படி: இருவராக உட்காருங்கள்

ஒருவர் லேண்ட்லேடி, மற்றவர் வீடு பார்க்க வந்தவர். பத்து நிமிடம் ஆங்கிலம் மட்டும். தொடங்கித் தருகிறேன்.

"மே ஐ கம் இன்?"
"யெஸ், ப்ளீஸ். யூ கேன் லீவ் யுவர் ஸ்லிப்பர்ஸ் ஹியர்."
"ஹவ் மச் ஈஸ் தி டெபாசிட்?"
"த்ரீ மந்த்ஸ் ரெண்ட். யூ டோன்ட் ஹேவ் டு பே இட் டுடே."
"கேன் ஐ கீப் எ டாக்?"
"சாரி, யூ மஸ்ட் நாட் கீப் பெட்ஸ். பட் யூ மே யூஸ் தி டெரஸ்."

இதற்குப் பிறகு நீங்களே வளருங்கள்: தண்ணீர், கரண்ட் பில், விருந்தினர், இரவு கதவடைப்பு. முடிந்ததும் இடம் மாறி உட்காருங்கள். கேட்பவராக இருந்தபோது வராத துணைவினை, சொல்பவராக உட்காரும்போது வந்துவிடும். மதினிக்கு அப்படித்தான் நடந்தது. தடுமாறிய வாக்கியத்தை மட்டும் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மறுநாள் உரையாடலை அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குங்கள்.